சாகசக் கதைகளில் பால்புதுமையினரும் அவர்களின் மனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பல், போர்க்களம், ஒற்றர் வேலை, வாள்சண்டை என்று பழைய காலத்தில் நடக்கும் சாகசக் கதைகளை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. எல்லாமே இரண்டு விஷயங்களைச் சுற்றி வருபவை: அந்தக் கதைகளில் வரும் பால்புதுமையினர், அவர்களுடைய மனநலம். பல ஆண்டுகளாக இந்த வகைக் கதைகளைப் படித்தும் எழுதியும் வருகிறேன். என் முதல் கதையில், இன்னொரு ஆணை நேசித்த மாலுமி ஒருவனைக் கடைசி அத்தியாயத்தில் கடலில் மூழ்கவிட்டேன். படித்த நண்பர், "அவன் ஏன் சாகணும்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பதில் தேடிப் போனபோது தெரிந்துகொண்டவைதான் கீழே இருப்பவை.

"பால்புதுமையினர்" என்பதே புதுச் சொல். பழைய காலப் பாத்திரத்துக்கு அதை எப்படிப் பொருத்துவது?

தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் உள்ளவர்கள், திருநர்கள் என எல்லோரையும் சேர்த்துச் சொல்ல இன்று நமக்கு இருக்கும் பொதுச் சொல் அது. கதைக்கு வெளியே நின்று பேசும்போது தாராளமாகப் பயன்படுத்தலாம். கதைக்குள் வராது. ஐரோப்பாவில்கூட 'ஹோமோசெக்சுவல்' என்ற சொல் முதன்முதலில் அச்சேறியது 1869இல்தான். கார்ல்-மரியா கெர்ட்பெனி ஜெர்மன் மொழியில் வெளியிட்ட துண்டுப் பிரசுரங்களில். 1750இல் ஒரு மாலுமி "நான் தன்பாலீர்ப்பாளன்" என்று சொன்னால் வாசகர் அந்த இடத்திலேயே கதையை விட்டு வெளியே வந்துவிடுவார்.

ஆனால் சொல் இல்லை என்பதற்காக ஆளே இல்லை என்று ஆகிவிடாது. ஈர்ப்பு விசைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பும் பழம் கீழேதான் விழுந்தது. பாத்திரத்துக்குத் தன்னைப் பற்றிய பெயர் தேவையில்லை. "அவன் காவலுக்கு வராத இரவுகளில் நட்சத்திரம் பார்க்கத் தோன்றவில்லை" என்று அவன் நினைத்துக்கொண்டால் போதும், வாசகருக்குப் புரியும்.

உண்மையிலேயே அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்கள் சாகச வாழ்க்கை வாழ்ந்தார்களா?

வாழ்ந்தார்கள். ஜேம்ஸ் பாரி 1812இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் வாங்கி, பிரிட்டிஷ் ராணுவ மருத்துவராகப் பல நாடுகளில் வேலை பார்த்தவர். 1826இல் கேப் டவுனில் அவர் செய்த சிசேரியன் அறுவைச் சிகிச்சையில் தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். மயக்க மருந்து வராத காலத்தில் அது பெரிய விஷயம். வயதுவந்த நாளிலிருந்து ஆணாகவே வாழ்ந்த அவர் பெண் உடலோடு பிறந்தவர் என்பது 1865இல் இறந்த பிறகுதான் வெளியே வந்தது. செவாலியே தேயோன் பிரெஞ்சுக் குதிரைப்படை அதிகாரி, அரசரின் ஒற்றர். 1777 முதல் பெண்ணாகவே வாழ்ந்தார். 1787இல் லண்டனில், ஏறக்குறைய அறுபது வயதில், பெண் உடையிலேயே வாட்போர்ப் போட்டியில் இறங்கினார்.

17ஆம் நூற்றாண்டுக் கரீபியக் கடற்கொள்ளையரிடம் 'மாத்தலோத்தாஷ்' என்று ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு ஆண்கள் சேர்ந்து ஒப்பந்தம் செய்துகொள்வார்கள்: சம்பாத்தியம் பொது, நோயில் கவனிப்பு, ஒருவர் இறந்தால் சொத்து மற்றவருக்கு. அந்த ஜோடிகளில் எத்தனை காதல் ஜோடிகள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கதாசிரியருக்கு அந்த இடைவெளியே போதுமான இடம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 1720இல் ஜமைக்காவில் விசாரிக்கப்பட்ட ஆன் போனியும் மேரி ரீடும் காதலர்கள் என்று பலர் உறுதியாக எழுதுகிறார்கள். வழக்கு உண்மை, காதலுக்கு அந்த அளவுக்கு ஆதாரம் கிடையாது. கதையில் காதலாக எழுதுவது உங்கள் உரிமை. பின்னுரையில் வரலாறு என்று எழுதாதீர்கள்.

பால்புதுமையினராக இருப்பதே மனநோய் என்று ஒரு காலத்தில் சொன்னார்களே?

சொன்னார்கள், அது தவறு. முதலில் பாவம் என்றார்கள், பிறகு குற்றம் என்றார்கள், 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் நோய் என்றார்கள். 1886இல் க்ராஃப்ட்-எபிங் எழுதிய மருத்துவ நூல் அந்தக் கருத்தை ஐரோப்பா முழுக்கப் பரப்பியது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க 1973 வரை ஆனது. உலகச் சுகாதார நிறுவனம் 1990இல் நீக்கியது.

உங்கள் கதை 1890இல் நடந்தால் அதில் வரும் மருத்துவர் இதை நோய் என்று நம்பலாம். கதை நம்பக் கூடாது.

அப்படியானால் பாத்திரத்தின் மனவேதனை எங்கிருந்து வர வேண்டும்?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இது. அவன் யார் என்பதிலிருந்து வேதனை வரவில்லை. அவனைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதிலிருந்து வருகிறது.

முதலில் சட்டம். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1533இல் கொண்டுவந்த சட்டம் ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உறவுக்கு மரண தண்டனை விதித்தது. அந்தத் தண்டனை 1861இல்தான் நீங்கியது. கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர்கள் ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித். 1835 நவம்பரில், லண்டனில். கடற்படைக்குத் தனி விதிகள், அவற்றிலும் மரணம்தான். 1816இல் 'ஆஃப்ரிக்கேன்' என்ற ஒரே கப்பலைச் சேர்ந்த நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு அத்தியாயத்திலும் தூக்குக் கயிற்றைத் தொங்கவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போர் முழுவதிலும் இந்தக் குற்றத்துக்காகப் பிரிட்டிஷ் கடற்படையில் நடந்த ராணுவ விசாரணைகள் 11. அவற்றில் நான்கில் விடுதலை; மற்றவை சிறிய குற்றச்சாட்டாக மாறின. குற்றத்தை நிரூபிப்பது கடினம், கேப்டன்களும் முடிந்தவரை கண்டும் காணாமல் விட்டார்கள். அதனால் தினசரி பயம் கயிற்றைப் பற்றியது இல்லை. அது ஒரு பார்வையைப் பற்றியது, ஒரு கிசுகிசுவைப் பற்றியது, "எனக்குத் தெரியும், காசு கொடு" என்று கேட்கப்போகிற அந்த ஒருவனைப் பற்றியது.

அடுத்து இடம். போர்க்கப்பலின் கீழ்த்தளத்தில் ஒரு மாலுமியின் தொங்கு படுக்கைக்கு விதிப்படி கிடைத்தது 14 அங்குல அகலம். பாதிப் பேர் காவலுக்கு மேலே போயிருப்பதால் நடைமுறையில் அதன் இருமடங்கு என்று வையுங்கள். அப்போதும் பக்கத்து ஆளின் மூச்சு முகத்தில் படும். தூக்கத்தில் ஒரு பெயரை உளறிவிட்டால் நூறு காதுகள் அங்கே இருக்கின்றன. தூங்கவே பயப்படுகிறவன் எப்படி இருப்பான்? இரவுக் காவலுக்குத் தானாக முன்வருவான். பாய்மர உச்சிக்கு ஏறுகிற வேலையைக் கேட்டு வாங்குவான், அங்கே மட்டும்தான் முகத்தைத் தளர்த்தலாம் என்பதால். வேகமாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவான். சிரிக்கும்போதும் யார் பக்கம் பார்த்துச் சிரித்தோம் என்று கணக்கு வைத்திருப்பான்.

ரகசியத்தைக் காப்பது ஒரு முழுநேர வேலை. சம்பளமும் விடுப்பும் இல்லாத வேலை. அது மனதை எப்படித் தேய்க்கிறது என்பதை இன்றைய ஆய்வாளர்கள் சிறுபான்மை அழுத்தம் என்கிறார்கள். இலான் மேயர் 2003இல் எழுதிய கட்டுரை அதை விரிவாக விளக்குகிறது. நடந்த பாகுபாடு மட்டும் காரணமில்லை, எப்போது நடக்குமோ என்ற காத்திருப்பும் மறைப்பும் சேர்ந்தே உடம்பையும் மனதையும் அரிக்கின்றன என்பது அதன் சாரம். சாகசக் கதைக்கு இதில் இன்னொரு வாசலும் இருக்கிறது: இப்படியே பழகியவன் முகங்களைப் படிப்பதில் கெட்டிக்காரன், பொய்யை நொடியில் கண்டுபிடிப்பவன். அவனை ஒற்றனாக அனுப்புங்கள். அந்தத் திறமை அவனுக்கு எவ்வளவு செலவில் வந்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

காதலரை இழந்த துயரத்தை, வெளியே சொல்ல முடியாத காலத்தில், எப்படிக் காட்டுவது?

பொதுவாக அழுகையைக் காட்டுகிறார்கள், அல்லது கடலைப் பார்த்து நிற்கவைக்கிறார்கள். அந்தக் காலத்தின் நடைமுறை ஒன்றை எடுத்து அதற்குள் பாத்திரத்தை நிறுத்துங்கள் என்பதுதான் நான் சொல்வது. ஒரு உதாரணம்.

கடற்படையில் மாலுமி இறந்தால் அவன் உடைமைகளைப் பாய்மரத்தடியில் வைத்து ஏலம் விடுவார்கள். எடுத்தவர் சம்பளத்தில் பிடித்து, பணத்தை இறந்தவன் குடும்பத்துக்குச் சேர்ப்பார்கள். விதவைக்கு உதவட்டும் என்று கூடுதல் விலைக்குக் கேட்பதும் வழக்கம். இப்போது இந்தக் காட்சியைப் பாருங்கள்:

பெட்டியைத் திறந்து நீலச் சட்டையை எடுத்து உதறினார்கள். இடது முழங்கையில் ஒட்டு. அந்த ஒட்டைப் போட்டது இவன் கை; தையல் கொஞ்சம் கோணல். மூன்று ஷில்லிங் என்றது ஒரு குரல். நான்கு என்றான் இவன். ஐந்து என்றான் பீரங்கிக்காரன் ஒருவன், அவனுக்குச் சட்டை நிஜமாகவே தேவைப்பட்டது. ஆறு என்றான் இவன். ஏழு. இறந்தவனுக்கு மனைவியும் இல்லை, மக்களும் இல்லை. அந்தச் சாக்கும் இவனுக்குக் கிடையாது. ஒட்டுப்போட்ட சட்டைக்கு எட்டு ஷில்லிங் கொடுக்கிறவனைப் பார்த்து யாராவது ஒருவன் புருவத்தைத் தூக்குவான். ஒருவன் போதும். இவன் வாயை மூடிக்கொண்டான். அடுத்த நான்கு மாதம் அந்த நீலச் சட்டை கப்பலில் நடமாடியது. கயிறேறியது, வரிசையில் நின்று சாராயம் வாங்கியது, மழையில் நனைந்தது. முழங்கை ஒட்டு ஒருநாள் பிரிந்தபோது பீரங்கிக்காரன், "நீ நல்லாத் தைப்பியாமே?" என்று கொண்டுவந்து நீட்டினான்.

இங்கே யாரும் அழவில்லை. வாசகர் அழுவார். துக்கப்படும் உரிமையே மறுக்கப்பட்ட இப்படிப்பட்ட துக்கத்துக்கு 1989இல் கென்னத் டோகா ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் அங்கீகாரம் கிடைக்காத துக்கம் என்று சொல்லலாம். ஒப்பாரிக்கும் இடமில்லாமல், "பாவம்" என்று தோளைத் தொட ஆளும் இல்லாமல் போகும்போது துக்கம் ஆறுவதற்கு வழி அடைபடுகிறது. பிறகு அது கோபமாகவோ குடியாகவோ தேவையில்லாத துணிச்சலாகவோ வெளியே வரும். சாகசக் கதைகளில் "உயிருக்குப் பயப்படாதவன்" என்று புகழப்படும் பாத்திரங்களில் சிலர் உண்மையில் இந்த நிலையில் இருப்பவர்கள்தான். அப்படி ஒருவரை எழுதினால் அவருடைய துணிச்சலைக் கொண்டாடாதீர்கள்; பக்கத்தில் இருக்கும் யாராவது ஒருவர் அதைப் பார்த்துக் கவலைப்படட்டும்.

போர் அதிர்ச்சி, மனச்சோர்வு எல்லாம் அந்தக் காலத்தில் தெரியுமா?

தெரியும், வேறு பெயர்களில். மனச்சோர்வுக்கு மெலன்கோலியா என்று பெயர். உடம்பில் கரும்பித்தம் கூடிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். ராபர்ட் பர்ட்டன் 1621இலேயே அதைப் பற்றித் தடித்த நூல் எழுதிவிட்டார். ஊரை விட்டு வந்தவர்கள் சாப்பாடு இறங்காமல் இளைத்துப் போவதற்கு யோஹன்னஸ் ஹோஃபர் 1688இல் 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். அன்று அது நோயின் பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களிடம் படபடப்பையும் மூச்சுத்திணறலையும் பார்த்த டா கோஸ்டா 1871இல் அதை இதயக் கோளாறாக எழுதினார். 1915இல் சார்லஸ் மையர்ஸ் 'ஷெல் ஷாக்' என்ற சொல்லை மருத்துவ இதழில் பதித்தார். நெப்போலியன் காலக் கடற்படை மருத்துவர் கில்பர்ட் பிளேன், மாலுமிகளிடம் சித்தப்பிரமை பொதுமக்களைவிட ஏழு மடங்கு அதிகம் என்று கணக்கிட்டார். தாழ்வான உத்தரங்களில் தலை இடித்துக்கொள்வதைக் காரணமாகச் சொன்னார். அந்தக் காலத்து அறிவாளி ஒருவர் உண்மையைக் கண்டும் காரணத்தைத் தவறவிடுகிற இந்த மாதிரி இடம் கதாசிரியருக்குத் தங்கம்.

பால்புதுமையினரும் போர்க்காயம்பட்ட மனமும் ஒன்றாகச் சந்தித்த உண்மை இடம் வேண்டுமென்றால், எடின்பரோவுக்கு அருகிலிருந்த கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனை. 1917இல் கவிஞர்கள் சீக்ஃபிரீட் சசூனும் வில்ஃப்ரெட் ஓவனும் அங்கே நோயாளிகளாகச் சந்தித்தார்கள். சசூன் ஆண்களை நேசித்தவர். ஓவனையும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் அப்படியே பார்க்கிறார்கள். சசூனைக் கவனித்த மருத்துவர் வில்லியம் ரிவர்ஸ் நோயாளிகளைப் பேசவைத்தார். மறக்கச் சொல்லவில்லை, நினைவைத் தாங்கப் பழக்கினார். அதே காலத்தில் லண்டனில் லூயிஸ் யெல்லாண்ட் பேச்சிழந்த சாதாரணச் சிப்பாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துப் பேசவைத்துக்கொண்டிருந்தார். அதிகாரிக்கு உரையாடல், சிப்பாய்க்கு மின்சாரம். பாத்திரத்தின் மனநலத்தை எழுதும்போது அவருடைய வர்க்கத்தையும் கேளுங்கள். ஓவன் போர்முனைக்குத் திரும்பி 1918 நவம்பர் 4 அன்று, போர் முடிய ஒரு வாரம் இருக்கையில் கொல்லப்பட்டார். சசூன் 1967 வரை வாழ்ந்தார். இங்கிலாந்தில் ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டம் தளர்ந்த அதே ஆண்டு.

சிகிச்சை என்று எதைக் காட்டலாம்?

ரத்தம் வடித்தல், கொப்புளம் எழுப்பும் பற்று, அபினைச் சாராயத்தில் கரைத்த லாடனம். லாடனம் தூக்கம் தரும், பிறகு விடாது. பல கதைகள் அதை ஒரே இரவு மருந்தாகக் காட்டிவிட்டு மறந்துவிடுகின்றன. நல்ல பக்கமும் உண்டு: 1796இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தொடங்கிய 'ரிட்ரீட்' என்ற மனநல இல்லம், சங்கிலியை ஒதுக்கிவிட்டுத் தோட்ட வேலை, தேநீர், மரியாதையான பேச்சு என்று நடத்தியது. ஆனால் பெரும்பாலான பாத்திரங்களுக்கு மருத்துவமனை தேவையே இல்லை. கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்காரும் சமையல்காரர், கைகளுக்கு வேலை கொடுக்கும் பாய் தைப்பவர், நாய், ஒழுங்கான சாப்பாடு, தூக்கம் இவையெல்லாம் எந்த நூற்றாண்டிலும் மருந்து.

எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இதே பயம்தானா?

இல்லை. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் வெட்கத்தை எடுத்து உலகம் முழுக்கப் பூசிவிடுகிறார்கள்.

17ஆம் நூற்றாண்டு ஜப்பானில் சாமுராய் வீரனுக்கும் இளைஞனுக்கும் இடையிலான காதலுக்கு மதிப்பும் நெறிமுறைகளும் இருந்தன. இஹாரா சைக்காக்கு 1687இல் அந்தக் காதலைப் பற்றி ஒரு கதைத் தொகுப்பே வெளியிட்டார். அங்கே வீரனுக்குப் பாவ உணர்ச்சி வராது. தலைவனுக்கு விசுவாசமா, காதலனுக்கு விசுவாசமா என்ற மோதல் வரும். பிரான்ஸ் 1791இல் புதிய தண்டனைச் சட்டத்தில் இந்தக் குற்றத்தையே சேர்க்காமல் விட்டுவிட்டது. ஆங்கிலக் கப்பலிலிருந்து பிடிபட்டு பிரெஞ்சுச் சிறையில் கிடக்கும் ஒருவன், எதிரி நாட்டில்தான் தன் உயிருக்கு இந்த வகையில் ஆபத்தில்லை என்று தெரிந்துகொண்டால் அவன் மனம் என்ன பாடுபடும்! மாறாக 1730இல் உத்ரெக்ட்டில் தொடங்கி நெதர்லாந்து முழுக்கப் பரவிய வேட்டையில் அதுவரை நிம்மதியாக இருந்தவர்கள் ஒரே கோடையில் ஊரை விட்டு ஓடினார்கள். எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பயத்தின் அளவு பிறகு தானாகத் தெரியும்.

தமிழில் எழுதும்போது அவன், அவள், அவர் பிரச்சினையை எப்படிச் சமாளிப்பது?

வந்தான், வந்தாள் என்று வினைமுற்றோடு பாலும் ஒட்டிக்கொண்டு வரும் மொழி நம்முடையது. எழுத்தாளர் ஒளித்தாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நம் மொழியே வழியும் வைத்திருக்கிறது. "நான் வந்தேன்" என்பதில் பால் இல்லை. முழுக் கதையையும் தன்மையில் சொன்னால் பாத்திரம் தானாகச் சொல்லும்வரை யாருக்கும் தெரியாது. ஜேம்ஸ் பாரி போன்ற மருத்துவருக்கு "அவர்" இயல்பாகவே பொருந்தும். பதினாறு வயதுக் கப்பல் பையனுக்கு "அவர்" போட்டால் செயற்கையாக இருக்கும். அங்கே அந்தப் பாத்திரம் தன்னை எப்படி உணர்கிறதோ அதன்படி கதைசொல்லி எழுதட்டும்; மற்ற பாத்திரங்கள் தங்களுக்குத் தெரிந்தபடி அழைக்கட்டும். பெண் உடலோடு பிறந்து ஆணாக வாழும் திருநம்பி ஒருவனைக் கதைசொல்லியே "அவன்" என்று எழுதிவிட்டு, ரகசியம் வெளிவந்த பிறகு "அவள்" என்று மாற்றினால், அவன் இதுவரை பொய் சொன்னான் என்று கதையே சாட்சி சொன்னதாகிவிடும்.

இன்னொன்று. நமக்கு "டா" இருக்கிறது. ஆணாக வாழும் ஒருவனின் பிறப்பு ரகசியம் நண்பனுக்குத் தெரிந்துவிட்டது. இரவு முழுக்க இவன் தூங்கவில்லை. காலையில் அந்த நண்பன் கயிற்றை இழுத்தபடி, "டேய், கை குடுடா" என்கிறான். இவனுக்குத் தொண்டை அடைக்கிறது. ஏற்றுக்கொண்டேன் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியுமா?

அந்தக் காலத்து வசைச்சொற்களைப் பயன்படுத்தலாமா? "பைத்தியம்" என்று எழுதலாமா?

பாத்திரத்தின் வாயில் வரலாம், அளவாக. கதைசொல்லியின் வாயில் வேண்டாம். ஒரு வசை எங்கே விழுகிறது, கேட்டவன் என்ன செய்தான் என்பதைக் காட்டினால் ஒருமுறை போதும். பத்து முறை வந்தால் வரலாற்று நம்பகத்தன்மை கூடாது. படிக்கும் பால்புதுமையின வாசகர் பத்து முறை அடிவாங்குவார்.

வில்லன் பாத்திரம் பால்புதுமையினராகவும் மனநிலை பாதிக்கப்பட்டவராகவும் இருக்கலாமா?

கதையில் அவர் ஒருவர்தான் அப்படி என்றால் வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று பேர் வெவ்வேறு குணங்களோடு இருக்கிறார்கள் என்றால் இருக்கலாம். அப்போதும் அவருடைய கொடுமைக்குக் காரணமாக இவற்றைக் காட்டாதீர்கள். பேராசை, அதிகாரம், பழி என்று காரணங்களுக்கா பஞ்சம்?

தற்கொலையைக் கதையில் எழுதலாமா?

எழுதலாம், பொறுப்போடு. உலகச் சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கும் திரைத்துறையினருக்கும் இதற்கென்றே வழிகாட்டிகள் வெளியிட்டிருக்கிறது. எப்படிச் செய்தார் என்ற விவரம் வேண்டாம். அதைத் துன்பத்திலிருந்து விடுதலையாகவோ காதலின் உச்சமாகவோ காட்ட வேண்டாம். ஒரே காரணத்தால் நடந்ததாகச் சுருக்கவும் வேண்டாம்.

என் அனுபவத்தில் இன்னும் வலுவான காட்சி, விளிம்புவரை போனவன் திரும்பி வருவது. அதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. தளத்தின் ஓரத்தில் நிற்கிறவனிடம் யாரோ வந்து, "மணி அடிக்கப்போகுது, இந்த விளக்கைக் கொஞ்சம் பிடி" என்று சொல்வது போதும். பிடித்திருப்பான். அந்த மணிநேரம் கடக்கும். மறுநாள் எல்லாம் சரியாகிவிட்டதாக எழுதிவிடாதீர்கள். அவனுக்குத் துணையாக ஒருவர் மட்டும் தொடர்ந்து இருக்கட்டும்.

நானே பால்புதுமையினர். இந்தக் கதைகளைப் படித்தால் பல நாள் மனம் கனத்துக் கிடக்கிறது. என்ன செய்வது?

பாதியில் மூடி வைக்கலாம். முடிவை முதலில் படித்துவிட்டுத் தொடங்கலாம். அதனால் கதை கெடாது. கதை தொட்ட இடம் உங்கள் சொந்தக் காயம் என்று தெரிந்தால், அதைப் பற்றி நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். தூக்கமின்மையோ நம்பிக்கையின்மையோ நாள்கணக்கில் நீடித்தால், அல்லது உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், காத்திருக்காமல் மனநல மருத்துவரையோ உதவி எண்ணையோ அன்றைக்கே அணுகுங்கள். அந்தக் கதையில் இருப்பவருக்குக் கிடைக்காத உதவி உங்களுக்கு இருக்கிறது. "இப்படி இருப்பதை மாற்றுகிறேன்" என்று சொல்லும் மருத்துவரிடம் போகாதீர்கள். அது சிகிச்சை இல்லை.

மகிழ்ச்சியான முடிவு வைத்தால் வரலாற்றுக்குப் பொய்யாகாதா?

என் நண்பர் கேட்ட "அவன் ஏன் சாகணும்?" என்பதற்கு இத்தனை நாள் கழித்து எனக்குக் கிடைத்த பதில் இங்கேதான் இருக்கிறது. சோக முடிவுகள் பலவும் வரலாறு கேட்டு வந்தவை இல்லை, தணிக்கை கேட்டு வந்தவை. இ. எம். ஃபார்ஸ்டர் 1913–14இல் இரண்டு ஆண்களின் காதலை நல்லபடியாக முடித்து 'மாரிஸ்' என்ற நாவலை எழுதினார். அவர் உயிரோடு இருந்தவரை அது வெளிவரவில்லை, 1971இல்தான் அச்சானது. அவர்கள் தண்டிக்கப்பட்டிருந்தால் அச்சிடுவது சுலபமாக இருந்திருக்கும். அப்படித் தண்டித்துத் தண்டித்து அச்சிட்ட கதைகளைப் படித்து வளர்ந்த நாமும் அதுதான் யதார்த்தம் என்று நம்பிவிட்டோம்.

யதார்த்தத்தில் இதுவும் நடந்தது. 1778இல் அயர்லாந்தில் எலினர் பட்லர், சாரா பொன்சன்பி என்ற இரண்டு பெண்கள் ஆண் உடையில் வீட்டை விட்டு ஓடினார்கள். சாரா ஜன்னல் வழியாக இறங்கியபோது கையில் துப்பாக்கியும் அணைப்பில் ஒரு குட்டி நாயும் இருந்தன. முதல் முறை பிடிபட்டார்கள். குடும்பங்கள் பிரித்து வைத்தும் விடவில்லை. 1780இல் வேல்ஸில் லான்கொத்லன் என்ற ஊரில் ஒரு வீட்டில் குடியேறினார்கள். தோட்டம் போட்டார்கள், புத்தகம் சேர்த்தார்கள், கடனில் தவித்தார்கள், எலினருக்கு ஒற்றைத் தலைவலி வந்தால் சாரா பக்கத்திலேயே இருந்தார். 1829இல் எலினர் இறக்கும்வரை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள். 1831இல் சாராவும் போனார். அவர்களோடு சேர்ந்து ஓடிவந்து உழைத்த மேரி கேரில் அவர்களுக்கு முன்பே இறந்திருந்தார். மூவருக்கும் ஒரே கல்லறைக் கல். அதில் பக்கத்துக்கு ஒருவராக மூன்று பெயர்கள்.

என் மாலுமியின் கதையைத் திரும்ப எழுதினேன். புயலில் கப்பல் உடைகிறது, அவன் கரையேறுகிறான். அவனுக்குக் கெட்ட கனவுகள் உண்டு, மழைச் சத்தம் ஒத்துக்கொள்ளாது. துறைமுகத்தில் கயிறு திரிக்கும் பட்டறை வைத்திருக்கிறான். மழை பெய்யும் இரவுகளில் அவனோடு இருப்பவன் எழுந்து விளக்கேற்றி, எதுவும் கேட்காமல் அடுப்பில் தண்ணீர் வைக்கிறான்.